பாதிரிக்குடியார் ரட்சை

(முசரவாக்கத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மதுரை மாநகருக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரை ஒட்டிய கழிஞ்சமலையில், குகைத்தளம் ஒன்றின் முகப்பில், தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று புடைப்புச் சிற்பமாக வடிக்கப்பெற்றுள்ளது. அதன் அருகே வட்டெழுத்தில் ஒரு சிறு கல்வெட்டு. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுப் பழமையுடைய அக்கல்வெட்டு, மலையின் பெயர் திருப்பிணையன் மலை என்று கூறுகிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி அத்திருமேனியைச் செய்வித்தார் என்று கூறுகிறது. இறுதியாக, அது பாதிரிக்குடியாரின் ரட்சை என்று கூறி முடிகிறது. பாதிரிக்குடி என்பது அரிட்டாபட்டியின் பழைய பெயர்.

ரட்சை என்றால் காவல். அக்காவலை ஏற்றவர்கள் அரசனும் அல்லர். அவன் படையும் அல்லர். மலையடிவாரத்தில் வாழ்ந்த ஊர்மக்களே அதனை ஏற்றனர். மதுரைக்கு மிக அருகிலுள்ள யானைமலையிலும் இதே வழக்கத்தைக் காணலாம். அங்கே செதுக்கப்பெற்ற திருமேனிகளின் கீழ், நரசிங்கமங்கலத்துச் சபையார் முதலியோர் அவற்றின் காவலை ஏற்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. முனிவர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்குபவர் அல்லர். மழைக்காலத்தின் நான்கு மாதங்கள் மட்டும், மண்ணில் பெருகும் சிற்றுயிர்கள் காலடியில் மடியாதிருக்க ஓரிடத்தில் தங்குவார், பின் நடந்துவிடுவார். உடைமை என்று எதுவும் இல்லாத அவர், தாம் விட்டுச் செல்லும் மலையை ஊராரிடம் ஒப்படைத்துச் செல்வதே இயல்பு.

அவ்வாறு ஒப்படைக்கப்பட்டதை ஊரார் காத்தனரா என்பதே இன்று எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் தமிழ்ச் சமணத்தின் மிகப் பழைய உறைவிடங்கள். மீனாட்சிபுரத்தை அடுத்த மாங்குளம் மலையில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணிநந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்த செய்தியைத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக ஐராவதம் மகாதேவன் கணித்த அக்கல்வெட்டுகள், தமிழ் எழுத்தின் வரலாற்றுக்கே முதற்சான்றுகளுள் அடங்கும். கீழவளவு, திருவாதவூர், கருங்காலக்குடி, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம் எனக் கற்படுக்கைகள் உள்ள மலைகளின் வரிசை நீள்கிறது.

ஆயினும் அம்மலைகளின் அடிவாரத்தில் வழிவழியாக வாழும் தமிழ்ச் சமணக் குடிகள் இன்று இல்லை. தமிழ்ச் சமணர் வேரூன்றி வாழும் ஊர்கள் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய வட மாவட்டங்களிலேயே உள்ளன. பல நூறு ஆண்டுகளாக மதுரைக் குன்றுகளில் விளக்கேற்றவோ, திருமேனிக்கு நீராட்டவோ சிராவகர் எவரும் இல்லை. எனினும் கற்படுக்கைகள் எஞ்சின, திருமேனிகள் எஞ்சின. ஆடு மேய்த்தோரும் உழுதோரும் அவற்றைத் தம் ஊரின் பொருளாகக் கருதினர். கீழக்குயில்குடி சமணர் மலையில் அமர்ந்த கோலத்தில் உள்ள தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்றே எண்ணினர். அக்குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயரும் இட்டனர். அவர் யார் என்பதை அவர்கள் அறியாதிருக்கலாம். ஆனால் அவர் தம்முடையவர் என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. அம்மலையடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் ஒருங்கே இருக்கின்றன. மலையின் நீர் குளத்திற்கு, குளத்தின் நீர் வயலுக்கு, வயலின் விளைச்சல் கோயிலுக்கு என்று எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மலை தங்கிய காரணம் அந்தப் பிணைப்பே.

அந்தப் பிணைப்பு அறுபடும் காலமும் வந்தது. மதுரையின் குன்றுகள் உயர்ந்த ரகக் கருங்கல்லால் ஆனவை. உலகச் சந்தையில் கிரானைட் பலகைக்கு விலை ஏறியபோது, மேலூர் வட்டாரத்தில் குவாரிகள் பெருகின. அவை குன்றுகளை மட்டும் விழுங்கவில்லை. கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கழிவுக் கற்களால் மூடப்பட்டன. 2012ஆம் ஆண்டு, அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, முறைகேடான குவாரிகளால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் எனக் கணக்கிட்டது. பின்னர் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு அமர்த்தியது. 2015இல் அவர் தம் அறிக்கையை நீதிமன்றத்தில் அளித்தார்.

இதற்குச் சற்று முன்னரே, 2010இல், யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. நரசிங்கத்து மக்களும் ஒத்தக்கடை வட்டாரத்து மக்களும் மலையைத் தொடவிடமாட்டோம் என்று எதிர்த்து நின்றனர். நரசிங்கமங்கலத்துச் சபையாரின் ரட்சை என்று ஒரு காலத்தில் கல்லில் எழுதப்பட்ட அதே மலை அது. திட்டம் கைவிடப்பட்டது. அந்நாளில் அம்மலையைப் பற்றி எழுதிய எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன், மதுரை மக்கள் சிலரை அங்கு அழைத்துச் சென்றார். அதுவே பசுமை நடை என்னும் இயக்கமாக வளர்ந்தது.

பசுமை நடையின் முறை எளிமையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், குழந்தைகளுடன் குடும்பமாகக் கூடி, நகரைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு குன்றுக்கோ கண்மாய்க்கோ நடந்து செல்வர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் அங்குள்ள கல்வெட்டைப் படித்துப் பொருள் கூறுவர். மரம், பறவை, நீர்நிலை பற்றியும் பேச்சு நிகழும். பின் அனைவரும் அமர்ந்து உண்டு திரும்புவர். 2013இல் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் விருட்சத் திருவிழா என்ற பெயரில் ஒரு விழாவே எடுத்தனர். இதில் கட்டணமும் இல்லை, பதவியும் இல்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சமணர் அல்லர். ஆயினும் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா இயக்கி என்ற பெயர்களை அவர்களின் குழந்தைகள் அறிந்தனர். நகரத்திலிருந்து மக்கள் தேடி வந்து வியப்பதைக் கண்ட ஊர் இளைஞர்கள், தம் ஊர் மலையைப் புதிய கண்ணோடு பார்த்தனர். அடிக்கடி மக்கள் வந்து போகும் மலையில், இரவோடு இரவாகப் பாறையைப் பிளப்பது எளிதன்று. இத்தகைய நடை ஒரு காவலாக அமைவது இவ்வாறே. தமிழ்ச் சமணரிடையே நிகழ்ந்துவரும் அகிம்சை நடையும் இந்த நோக்கை உடையதே.

இக்காவலுக்குப் பெருஞ்சோதனை அரிட்டாபட்டியிலேயே வந்தது. அவ்வூரார் கருங்கல் குவாரிக்கு எதிராக முன்பே போராடித் தம் மலையைக் காத்தவர்கள். ஏழு குன்றுகள், எழுபத்திரண்டு ஏரிகள், இருநூறு இயற்கைச் சுனைகள், மூன்று தடுப்பணைகள் கொண்டது அப்பகுதி என்று அரசின் அறிவிப்பு கூறுகிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் அங்குப் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளிக் கழுகு ஆகிய அரிய வேட்டைப் பறவைகளும் அவற்றுள் அடங்கும். எறும்புதின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் அங்கு வாழ்கின்றன. 2022 நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அச்சணந்தி செய்வித்த திருமேனியும் கணிநந்தனின் பள்ளியும் ஒரே காப்பு எல்லைக்குள் வந்தன.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் சுரங்கத்திற்காக ஏலம் விடப்பட்டது. அதனுள் அரிட்டாபட்டியின் பாரம்பரியத் தலப் பகுதியும் அடங்கியிருந்தது. செய்தி அறிந்த ஊர்கள் தாமாகவே எழுந்தன. கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேறின. டிசம்பர் 9ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள், நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றனர். முதியோரும் பெண்களும் கைக்குழந்தையோடு வந்தோரும் அதில் இருந்தனர். சனவரி 23ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்வதாக அறிவித்தது.

பாதிரிக்குடியார் தம் ரட்சையை நிறைவேற்றினர். அவர்களில் எவரும் தம்மைச் சமணர் என்று கூறிக்கொண்டவர் அல்லர். தங்கள் சுனை வற்றிவிடும், கண்மாய் பாழாகிவிடும், கோயில் மாடுகளின் மேய்ச்சல் நிலம் போய்விடும் என்பதே அவர்களின் கவலை. அக்கவலையே அருகனின் திருமேனியையும் காத்தது. ஓர் ஊரின் நீரையும் மரத்தையும் காத்தால், அங்குள்ள அறமும் கலையும் உடன் காக்கப்படும். நீரும் மரமும் போன இடத்தில், சிலையை மட்டும் கம்பி வேலியிட்டுக் காப்பது அரிது.

சிராவக சிராவகியரே! இந்த வரலாறு தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியை மட்டும் தருவதன்று. ஒரு கடனையும் நினைவூட்டுவது. சமணர் இல்லாத ஊரில், சமணரின் முதற்பள்ளிகளைப் பிறர் காத்துத் தந்திருக்கின்றனர். அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் இடம் மதுரை அன்று. அவரவர் வாழும் ஊரே.

கொல்லாமை என்றவுடன் உணவு நெறியே பலர் நினைவுக்கு வருகிறது. இரவுண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுதலும் உயர்ந்த ஒழுக்கங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஜினதர்மம் உயிரை எங்கெல்லாம் கண்டது என்பதையும் எண்ண வேண்டும். நிலத்தை உடலாகக் கொண்ட உயிர், நீரை உடலாகக் கொண்ட உயிர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்கள் என்று ஓரறிவுயிரை ஐவகையாக வகுத்த நெறி இது. இல்லறத்தார் விலக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்து என்று சிராவக ஒழுக்க நூல்கள் சில கூறுகின்றன. காட்டுக்குத் தீயிடுதல், நிலத்தை அகழ்ந்து பிளத்தல், ஏரி குளங்களை வற்றச் செய்தல் ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்விலக்கு, இன்றைய குவாரியையும் ஏரி மனைப்பிரிவையும் கண்முன் வைத்து எழுதியது போலவே உள்ளது.

இங்கு ஓர் உண்மையைத் தயக்கமின்றிக் கூற வேண்டும். வடிகட்டிய நீரைப் பருகும் இல்லத்திலும், ஏரி உள்வாயில் பிரித்த மனையை மலிவு விலைக்கு வாங்கும் ஆசை எழுவதுண்டு. திருப்பணி செய்யும்போது, ஜினாலயத்தின் பழைய தரையைப் பெயர்த்துப் பளபளக்கும் கிரானைட் பலகை பதிப்பதுண்டு. அது எந்தக் குன்றை உடைத்து எடுக்கப்பட்டது என்று கேட்பவர் சிலரே. ஒரு குவளை நீரிலுள்ள உயிருக்கு இரங்குபவர், ஓர் ஏரி முழுதும் அழியும்போது அது பிறர் வேலை என்று இருந்துவிடலாகாது. கல்லும் உலோகமும் மனையும் வேண்டா என்று எவரும் வாழ இயலாது. எவ்வளவு வேண்டும் என்று வரையறுப்பதே இல்லறத்தாரின் மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம்.

முசரவாக்கமும் அதனைச் சூழ்ந்த காஞ்சி வட்டாரமும் ஏரிகளின் நாடு. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. ஏரி காக்கும் பொறுப்பை ஊரார் ஏற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. இம்மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் பற்றிப் பேசுகின்றன. அண்மைக்காலம் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கலில், ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று ஊரார் முறையிட்டு, 1798இல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பவரிடம் காப்பு ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவை அஞ்சும் என்று அவ்வூரார் பட்டாசு வெடிப்பதையும் தவிர்த்து வருகின்றனர். அதுவும் கொல்லாமையின் ஒரு வடிவமே.

தமிழ்ச் சமணரின் திருப்பருத்திக்குன்றமும் நீரும் மரமும் சார்ந்த தலமே. வேகவதிக் கரையில் அமைந்த அந்த ஜினகாஞ்சியில், திரைலோக்கியநாதர் திருக்கோயிலின் குராமரம் முனிவர் தவமிருந்த மரம் என்று தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படுகிறது. ஒரு மரத்தைக் கோயிலுக்கு இணையாகக் காத்த மரபுக்கு, அம்மரத்திற்கு நீர் தந்த ஆற்றையும் காக்கும் கடமை உண்டு.

காலமும் நெருக்குகிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022 அக்டோபரில் அரசாணை வெளியானது. காஞ்சிபுரம் மாவட்டப் பகுதிகளும் அதில் அடங்கும். அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையின் இரண்டாம் விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்ற அறிவிப்பும் வந்தது. தம் வயலும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் நீண்ட காலம் அறவழியில் எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். அத்திட்டத்தின் தேவை குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் நகரம் கிராமத்தின் வாசலுக்கே வந்துவிட்டது என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை.

இந்நிலையில் ஒரு குடும்பம் செய்யக்கூடியது என்ன? பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லாத சில செயல்கள் உள்ளன.

முதலாவது, கிராம சபையில் சென்று அமர்தல். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியின் எல்லை, வரத்துக் கால்வாய், மதகு ஆகியவற்றின் நிலையை அங்குக் கேட்கலாம். தீர்மானமாகப் பதியச் செய்யலாம். அரிட்டாபட்டி மக்களின் முதற்கருவிகளுள் கிராம சபைத் தீர்மானமும் ஒன்று. ஏரிகளைக் காத்தலுக்கும் ஆக்கிரமிப்பை அகற்றுதலுக்கும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் தனிச்சட்டமே உள்ளது. அதனைப் பயன்படுத்துவோர் இருந்தாலன்றிச் சட்டம் தானாக எழுந்து வராது.

இரண்டாவது, ஊரின் உயிர்களைப் பதிவு செய்தல். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகள், ஏரிக்கரையில் கண்ட பறவையையும் மரத்தையும் மூத்தோரிடம் பெயர் கேட்டு எழுதலாம். அரிட்டாபட்டிக்குப் பாரம்பரியத் தலம் என்ற காப்புக் கிடைத்தது, அங்கு எவை வாழ்கின்றன என்ற பட்டியல் கையில் இருந்தமையால்தான்.

மூன்றாவது, அறக்கட்டளைகள் தம் திருப்பணியின் பொருளை விரித்தல். முற்காலத்தில் பள்ளிச்சந்தமாக நிலம் அளித்தவர்கள், அந்நிலத்துக்கு நீர் பாயும் வழியையும் மனத்தில் கொண்டே அளித்தனர். கோபுரத்துக்கு வண்ணம் தீட்டும் ஆண்டில், கோயில் குளத்தின் வரத்துக் கால்வாயையும் தூர் வாரலாம். புதிய தளம் இடும்போது பழைய கல்லையே மீண்டும் பதிக்கலாம்.

நான்காவது, பிற ஊராரோடு சேர்ந்து நடத்தல். மதுரை மக்கள் சமணக் குன்றுக்கு நடந்ததைப் போல, சமணக் குடும்பங்களும் அண்டை ஊரின் ஏரிக்கும் அய்யனார் தோப்புக்கும் நடக்கலாம். சமயம் பார்த்துக் காத்திருந்தால் அச்சணந்தியின் திருமேனி இன்று இருந்திராது.

அரிட்டாபட்டியில் ஏலம் இரத்தானதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கனிமம் நிலத்தடியில் இருக்கும்வரை அதை நாடும் கண்களும் இருக்கும். ஏரி ஊர் நடுவே இருக்கும்வரை அதை மனையாகக் காணும் கண்களும் இருக்கும். ரட்சை என்பது ஒருமுறை வென்று முடிக்கும் செயலன்று. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் கொடுத்துச் செல்லும் பொறுப்பு. பாதிரிக்குடியார் அதனை ஆயிரம் ஆண்டு கைமாற்றி வந்துள்ளனர். காஞ்சி வட்டாரத்துச் சிராவகர் தம் ஏரியையும் ஆற்றையும் அவ்வாறே ஏற்றுக் காப்பாராக.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அறம் ஓங்குக! ஜெய் ஜினேந்திரா!